சபுராளியும் தவணைச் சீட்டும்

'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள். கீழைக் கடற்கரை முஸ்லிம்களின் நாவில் அது 'சபுர்' என மருவிற்று. கடல் கடந்து பொருளீட்டச் சென்றவர் 'சபுராளி' எனப்பட்டார். கடை வைத்தவரும், அக்கடையில் கணக்கெழுதியவரும், அங்கு உலை வைத்தவரும் இப்பெயருக்குள் அடக்கம். இச்சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. போனவர் திரும்பி வருவார் என்னும் எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. முப்பது ஆண்டுகளைக் கொழும்பில் கழித்தவரும் ஊராருக்குச் சபுராளிதான். குடியேறிப் போனவர் அல்லர். ஈராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ ஒருமுறை வருவார். சில மாதங்கள் தங்குவார். பிள்ளைக்குப் பெயர் சூட்டியோ, மகளுக்கு நிக்காஹ் முடித்தோ மீண்டும் புறப்படுவார். அவர் தளர்ந்தபின் அதே கடைக்கு மகனோ மருமகனோ போவார். ஆள் மாறினாலும் போக்குவரத்து மாறாது.

பல தலைமுறைகள் நீடித்த இந்த ஏற்பாட்டைத் 'தற்காலிகம்' என்னும் ஒரு சட்டச் சொல் எவ்வாறு குலைத்தது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து இங்கு காண முயல்கிறோம். இலங்கைத் தோட்டத் தொழிலாளர் நாடற்றோராக்கப்பட்ட துயரம் விரிவாக எழுதப்பட்டுள்ளது. தவணை முறையில் தங்க அனுமதிக்கப்பட்ட வணிகரைப் பற்றி, அவர்தம் வழித்தோன்றல்களாகிய நாமே எழுதியது மிகக் குறைவு.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரி 14ஆம் நாள் உருவானது. அதற்குள் இருவேறு அரசியல் வரலாறுகள் அடங்கியிருப்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். புதுக்கோட்டை நகரும் திருமயமும் தொண்டைமான்களின் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. கடலோரமோ பிரிட்டிஷ் இந்தியாவின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என நீளும் கரையூர்களில் பிறந்தவர் பிரிட்டிஷ் குடிமக்கள். சில மணி நேர வண்டிப் பயணத் தொலைவிலுள்ள சமஸ்தானத்து ஊர்களில் பிறந்தவரோ பிரிட்டிஷ் பாதுகாப்புக்குட்பட்ட மன்னரின் குடிகள். கரையில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டு ராவுத்தர்களிடையே ஹனஃபி மத்ஹபும் மேலோங்கியிருப்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. கொழும்புக் கடைத்தெருவில் இவ்விரு சாராரும் அடுத்தடுத்த கடைகளில் அமர்ந்திருந்தனர். சமஸ்தானக் குடியா, கம்பெனிச் சீமைக் குடியா என்று அங்கு எவரும் வினவவில்லை. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபோது இவ்வேறுபாடு இந்தியச் சட்டத்திலிருந்தும் மறைந்தது.

பயணத்துக்கு அன்று தேவைப்பட்டவை வழிச்செலவும், அக்கரையில் ஏற்றுக்கொள்ள ஓர் உறவினரும்தாம். தோணிகளில் இக்கரையிலிருந்து அரிசியும் துணியும் ஓடும் போயின. அக்கரையிலிருந்து தேங்காயும் கொட்டைப்பாக்கும் வந்தன. சரக்கோடு ஆளும் போனார். 1914இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கிய பின்னர் தோணியின் இடத்தை இரயில் பிடித்தது. 1929 - 30இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு இருப்புப்பாதை அமைந்ததும், சமஸ்தானத்து ஊர்களுக்கும் கொழும்பு கைக்கெட்டும் தொலைவாயிற்று. மாலையில் வண்டியேறியவர், இடையில் இரண்டு மணி நேரச் சொச்சம் கப்பலில் கழித்து, மூன்றாம் நாள் விடியலில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம்.

அரசு அப்போது சோதித்தது உடலை மட்டுமே. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் கீழ்வகுப்புப் பயணியர் காலரா, பிளேக், அம்மை ஆகியவற்றுக்காகத் தடுத்துச் சோதிக்கப்பட்டனர். தொழிலாளர்கள் சில நாள்கள் தங்கவைக்கப்பட்டே அனுப்பப்பட்டனர். அம்முகாமின் இழிவுகளைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. எனினும், 'நோயில்லை' என்று ஒருமுறை தெளிந்தபின், 'எத்தனை நாள் தங்குவாய்?' என்னும் கேள்வி அங்கு எழவில்லை. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் கூலி வேலைக்குச் செல்வோரையே கருத்திற் கொண்டது. தன் செலவில் கடை வைக்கச் சென்ற வணிகர் அச்சட்டத்தின் பார்வையில் 'குடிபெயர்வோர்' ஆகார். கணக்கில் சேராதது அன்று அவருக்குச் சுதந்திரமாயிருந்தது. பின்னாளில் அதுவே அவருக்கு வினையாயிற்று.

எல்லையில் அனுமதி கேட்கும் வழக்கமே புதியது என்று நாம் கருதிவிடலாகாது. இப்னு பதூதா 1326இல் எகிப்திலிருந்து ஷாம் நாட்டுக்குச் செல்கையில், கத்யா என்னும் எல்லைச் சாவடியில் அனுமதிச் சீட்டு இல்லாமல் இரு திசையிலும் எவரும் கடக்க இயலாது என்று பதிவு செய்கிறார். இரவில் மணலைச் சமன்படுத்திவிட்டு, காலையில் காலடித் தடம் உண்டா என்று பார்ப்பார்களாம்! அதே பயணி 1344 அளவில் இலங்கையிலிருந்து மஅபர் கரைக்கு வந்தபோது கப்பல் புயலிற் சிக்கி, உடைமை இழந்து, உயிர் தப்பிக் கரையேறினார். இங்கு அவரிடம் எவரும் சீட்டுக் கேட்கவில்லை. மதுரைச் சுல்தான் அவருடைய மனைவியின் சகோதரியை மணந்திருந்தவர் என்பதால் உறவினராகவே வரவேற்கப்பட்டார். அக்கரையிற் புறப்பட்டவருக்கு இக்கரையில் ஓர் உறவு இருந்தது.

தங்கலின் கால அளவைப் பற்றி நம் ஃபுகஹாக்கள் எண்ணிப் பார்த்த அளவுக்கு வேறெவரும் எண்ணியதில்லை எனலாம். தொழுகையைச் சுருக்கும் கஸ்ருச் சட்டத்துக்காக, பயணி எப்போது முகீம் - உள்ளூர்வாசி - ஆகிறார் என்பதை அவர்கள் வரையறுக்க வேண்டியிருந்தது. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் தங்க நிய்யத் கொண்டால் அவர் முகீம் என்பது ஷாஃபிஈ மத்ஹப். பதினைந்து நாள்கள் என்பது ஹனஃபி மத்ஹப். இன்று முடியும், நாளை முடியும் என்று ஒரு காரியத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பவர், ஆண்டுகள் கழிந்தாலும் முஸாஃபிராகவே இருக்கிறார் என்றும் ஹனஃபிகள் கூறுவர். தவணை நீட்டிப்புக்குக் காத்திருந்த சபுராளிகளை எண்ணும்போது இச்சட்டம் நினைவுக்கு வராமற் போவதில்லை. ஒருவர் பிறந்த ஊர் மட்டுமன்றி, மணம் முடித்துக் குடும்பத்தை வைத்திருக்கும் ஊரும் அவருக்கு 'வதனுல் அஸ்லீ' - மூலத் தாயகம் - என்பதும் ஹனஃபி நூல்களின் கருத்து. இவ்வாறு ஒருவருக்கு இரு தாயகங்கள் இருத்தலும் கூடும்.

சுதந்திர இலங்கையின் சட்டம் இந்த இரட்டைத் தாயகத்துக்கு இடம் தரவில்லை. 1948ஆம் ஆண்டின் 20ஆம் எண் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டும் விசாவும் இன்றி இறங்க இயலாத நிலை அன்று பிறந்தது. அதே 1949இல், இந்திய - பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமும் வந்தது. முன்னாள் பிரிட்டிஷ் இந்தியாவையோ இந்தியச் சமஸ்தானம் எதையுமோ பூர்விகமாகக் கொண்டவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றது அது. ஆகவே கோட்டைப்பட்டினத்தவரும் திருமயத்தவரும் இப்போது ஒரே வரிசையில் நின்றனர். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டுகள். 1951 ஆகஸ்டில் கதவு மூடிற்று.

இச்சட்டத்தின் நிபந்தனைகளைச் சற்று நின்று நோக்க வேண்டும். மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழாண்டுகளும், மணமாகாதவர் பத்தாண்டுகளும் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஒரே தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அது இடையறவு. 1946க்கு முந்தைய ஏழாண்டுகள் எவை? 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதும், அஞ்சி ஊர் திரும்பியவர் ஏராளம். அவர்களுள் ஓராண்டுக்குள் மீள முடியாமற் போனவர், குண்டுக்குத் தப்பியதற்காகவே குடியுரிமையை இழந்தார்.

அதனினும் கடியது மனைவி பற்றிய நிபந்தனை. விண்ணப்பிப்பவரின் மனைவியும் வயதுக்கு வராத பிள்ளைகளும் இலங்கையில் வசித்துவந்தனர் என்று காட்ட வேண்டும். சபுராளியின் வாழ்க்கை முழுவதும் இதற்கு நேர்மாறான அடித்தளத்தில் நின்றது. மனைவி ஊரில் இருந்தார். வீடு ஊரில் இருந்தது. பிள்ளைகள் ஊர் மதரஸாவில் ஓதினர். சபுராளியின் மாமியாரும் தாயாரும் அங்கேதான். அவர் திரும்பி வருவதற்கான காரணமே இவர்கள். தாயகத்தை நிறுவுவது குடும்பம் என்னும் அளவில் இலங்கைச் சட்டமும் நம் பழைய ஃபிக்ஹும் ஒத்துப்போகின்றன என்பது வியப்புக்குரியது. ஆனால் ஃபிக்ஹில் அது ஒருவருக்கு மற்றொரு தாயகத்தைச் சேர்த்துக் கொடுத்தது; இங்கோ இருந்த ஒன்றைப் பறித்தது. கொழும்பிலேயே மணம் முடித்துக் குடும்பத்தோடு வாழ்ந்த சிலர் தப்பினர். ஏனையோருக்கு எஞ்சிய வழி ஒன்றே: தற்காலிக வதிவு அனுமதி.

குறித்த தவணைக்கு வழங்கப்படும் இவ்வனுமதியை ஊரார் 'தவணைச் சீட்டு' என்று கருதியதில் தவறில்லை. அதைப் பெறுவதற்கு இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும். இந்தியா - இலங்கைப் பயணத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் தனிவகைக் கடவுச்சீட்டும் வழக்கில் இருந்தது. கடவுச்சீட்டுக்குப் பிறந்த நாள் வேண்டும்; பல வீடுகளில் பிறப்பு ஹிஜ்ரி மாதப்படியே நினைவிலிருந்தது. பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் அமைய வேண்டும். முஹம்மது, முகமது, முகம்மது என்று ஒருவரே மூன்று ஆவணங்களில் மூவராக இருந்த காலம் அது. மணம் முடித்ததற்குச் சான்றாக ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் காட்டுவர். அரபுத் தமிழில் எழுதப்பட்ட பக்கத்தை அலுவலர் எவ்வாறு படிப்பார்? ஊரின் கணக்குப்பிள்ளையிடமும் ஜமாஅத் தலைவரிடமும் கையெழுத்துக்கு நடந்த நடையிலேயே விடுமுறையின் பாதி கழிந்தது.

உருவப்படம் மற்றுமொரு சிக்கல். படமெடுத்தல் ஆகுமா என்று ஐயுற்ற தலைமுறை அது. எகிப்தின் முஃப்தியாயிருந்த முஹம்மது பகீத் அல்-முதீஈ, ஒளிப்படம் நிழலைப் பிடித்து வைப்பதே, சிலை வடிப்பதன்று என்று வாதிட்டு முன்பே தனிநூல் எழுதியிருந்தார். மாறுபட்டோரும் 'தேவை தடையைத் தளர்த்தும்' என்னும் விதியைக் கொண்டு பயண ஆவணத்துக்கு இணங்கினர். இவ்வாறு பல வீடுகளில் பாட்டனாரின் ஒரே உருவப்படமாக எஞ்சியிருப்பது ஒரு கடவுச்சீட்டுப் படமே. பாட்டியாருக்கு அதுவும் இல்லை. அவர் எங்கும் விண்ணப்பிக்கவில்லை.

முன்பு பயணம் குடும்பத்தின் உடைமையாயிருந்தது. தந்தையின் இடத்தில் மகன் போய் அமர்வது வீட்டுக்குள் முடிவு செய்யப்பட்டது. அனுமதிச் சீட்டோ ஒரு தனி மனிதரின் பெயருக்கு வழங்கப்பட்டது. அவரோடு அது முடிந்தது. கடையின் பெயர்ப்பலகையை மகனுக்கு விடலாம், கடன் பேரேட்டை விடலாம், சீட்டை விட முடியாது. ஊருக்கு வந்தவர் தவணைக்குள் திரும்ப வேண்டும். தாயாரின் மையித்துக்கு வந்து, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு இருந்துவிட்டால், கடையை இழக்கும் நிலை நேரலாம். 1953இல் வந்த செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், ஊருக்குப் பணம் அனுப்பவும் அனுமதி வேண்டியதாயிற்று. உண்டியல் முறை நிழலுக்குள் போனதன் வரலாறு அங்கு தொடங்குகிறது. அது தனியே எழுதப்பட வேண்டியது.

இமாம் முஹம்மது இப்னு ஹஸன் ஷைபானீ (ரஹ்) அவர்களின் (இறப்பு ஹி. 189 / கி.பி. 805) ஸியர் நூல்களும் அவற்றின் விரிவுரைகளும் அயல்நாட்டிலிருந்து 'அமான்' பெற்று வரும் வணிகரை முஸ்தஃமின் என்கின்றன. ஹனஃபிச் சட்டத்தில் அவர் ஓராண்டுக்குக் குறைவாகவே வரி ஏதுமின்றித் தங்கலாம். ஆட்சியாளர் எச்சரித்த பின்னரும் ஓராண்டு நிறைந்துவிட்டால், அவர் வரி செலுத்தும் நிலையான குடியாகிவிடுவார். இவ்விதியை நம் காலத்துக் குடியுரிமையோடு ஒப்பிட்டு மெச்சுவது என் நோக்கமன்று. அக்குடிநிலை சமமானதாகவும் இருக்கவில்லை. ஆனால் அதில் ஒரு தர்க்கம் உண்டு. தங்கிய காலம் கனிந்து உரிமையாகவும் கடமையாகவும் மாறுகிறது. தவணைச் சீட்டில் காலம் கனிவதே இல்லை. இருபது முறை புதுப்பித்தவரும் முதன்முறை வந்தவரும் சட்டத்தின் முன் ஒரே நிலையினர். 1950களின் நடுவிலிருந்து புதுப்பித்தலே அரிதாயிற்று. நாட்டின் வணிகம் நாட்டினர் கைக்கு வர வேண்டும் என்று இலங்கை அரசு கருதியது. புதிதாக விடுதலை பெற்ற நாடு அவ்வாறு கருதியதை முற்றிலும் குறை கூறுவதற்கில்லை. 1915 கலவரத்திலேயே கரையோரச் சோனகர் கடைகள்மீது எழுந்த வெறுப்பை அறிந்தவர்க்கு இது திடீரென வந்த மாற்றமும் அன்று.

சீட்டு இருந்ததனால் சீட்டில்லாதவரும் உண்டானார். 'கள்ளத்தோணி' என்னும் சொல் இலங்கைத் தமிழில் வசையாக நிலைபெற்றது இக்காலத்திலேதான். நேற்றுவரை வெறும் தோணியாயிருந்தது இன்று கள்ளத்தோணி ஆயிற்று. தோணியும் கடலும் மாறவில்லை. 1952இல் இலங்கைப் படையினர் 'மொண்டி நடவடிக்கை' என்னும் பெயரில் வடகரையைக் காவல் செய்யத் தொடங்கினர். 1963இல் அது தனிச் செயற்படையாக்கப்பட்டு 1981 வரை நீடித்தது. முறையான விசாவோடு போன வணிகரும் கொழும்புத் தெருவில் இவ்வசையைக் கேட்டார். சொல்லுக்குச் சீட்டைப் பார்க்கத் தெரியாது.

பின்னர் வந்தது 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரின் விதி அதில் பங்கிடப்பட்டது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிற்பாடு என்பது ஏற்பாடு. அவ்வொப்பந்தத்தின் ஒரு வாசகத்தை நம் வரலாற்றாளர்கள் கவனிக்கத் தவறிவிட்டனர். சட்டத்துக்கு மாறாகக் குடிபுகுந்தோரும் இந்தியக் கடவுச்சீட்டு உடையோரும் இவ்வெண்ணிக்கையில் சேரார் என்பதே அது. கள்ளத்தோணியும் தவணைச் சீட்டும் ஒரே வரியில் ஒதுக்கப்பட்டன! முறைப்படி விண்ணப்பித்து, முறைப்படி கட்டணம் செலுத்தி, முறைப்படி முத்திரை பெற்றவர், அம்முறைமையின் காரணமாகவே ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றார். தாயகம் திரும்பியோருக்கென அரசு வகுத்த மறுவாழ்வுக் கடனும் குடியிருப்பும் அவருக்கு உரியனவல்ல. அவர் திரும்பி வந்தது புள்ளிவிவரமாகக்கூட ஆகவில்லை. சட்டப்படி, அவர் தங்கள் வேலை முடிந்து வீடு வந்த ஒரு பயணி.

இலங்கை மக்கள்தொகைக் கணக்கு மட்டுமே ஒரு தடயம் தருகிறது. இந்தியச் சோனகர் 1963இல் ஏறத்தாழ ஐம்பத்தையாயிரம் பேர். 1971இல் அவ்வெண்ணிக்கை அதில் பாதியளவுக்கு வந்துவிட்டது. கொழும்புப் புறக்கோட்டையில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908 - 09இல் எழுப்பிய செங்கற் பள்ளிவாசல் இன்றும் சம்மாங்கோட்டார் பள்ளி என்றே வழங்குகிறது. பெயர் தங்கிவிட்டது, பெயருக்குரியவர்களில் பெரும்பாலோர் போய்விட்டனர். ஒப்பந்தம் கையெழுத்தான எட்டாம் வாரத்தில், 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து 1984 வரை ஓடி நின்றுபோயிற்று.

மலாயாவின் கதை இதனின்றும் சிறிது வேறுபட்டது. அங்கு 1953 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், முன்பே வசித்தவரின் மனைவி மக்கள் வந்து சேர இடமளித்தது. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிய பெண்களும் பிள்ளைகளும் பலர். பிரிந்த குடும்பம் அங்கு சேர்ந்தது. சேர்ந்தபின் ஊரோடு பிரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலை வரையறைச் சட்டம், குடியுரிமை பெறாதவர் வேலை அனுமதி பெற வேண்டும் என்றபோது, அங்கிருந்தும் பல்லாயிரவர் திரும்பினர்.

இத்தனைக்கும் இடையில் இந்தியாவிலேயே கடவுச்சீட்டு ஒருவருக்கு உரிமையா, அரசின் சலுகையா என்பது தெளிவாகாமல் இருந்தது. அதை வழங்குவதை நெறிப்படுத்தும் சட்டமே 1967 வரை இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்துள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாகவே அவ்வாண்டிலேயே கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. புறப்படும் உரிமை இவ்வாறு நமக்கு உறுதியாயிற்று. நுழையும் உரிமையை எந்த நீதிமன்றமும் எவருக்கும் தர இயலாது. அது அக்கரையின் கையில் உள்ளது.

எண்பதுகளுக்குப் பின் இக்கரையூர்களின் சபுர் வளைகுடாவை நோக்கித் திரும்பியது. அங்கே தவணை தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, எவரும் ஏமாறுவதில்லை. கடவுச்சீட்டுக்கு நாள் குறிப்பதும் நேரம் குறிப்பதும் இன்று கணினியில் நடக்கின்றன. கோட்டைப்பட்டினத்து இளைஞர் கைப்பேசியிலேயே நாள் ஒதுக்கிக்கொண்டு, குறித்த மணிக்குப் போய் விரல் பதித்து வருகிறார். கணக்குப்பிள்ளையின் திண்ணையில் காத்திருந்த பாட்டனார் கண்டால் மகிழ்ந்திருப்பார். எழுத்துக்கூட்டல் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது!

இலங்கைக்குச் செல்வோருக்கு 2012 ஜனவரியில் மின்னணுப் பயண அனுமதி முறை வந்தது. திருச்சியிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் கப்பல் விடப்பட்டது. பேரர்கள் போய் வருகின்றனர். புறக்கோட்டையில் பாட்டனாரின் கடை இருந்த தெருவைத் தேடுகின்றனர். பின்னர் மருதானையை அடுத்த குப்பியாவத்தை மையவாடிக்குப் போகின்றனர். தவணை முடியுமுன் அங்கேயே மவ்த்தாகி அடக்கமானவர்கள் பலர். மின்னணு விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் கேட்கப்படும் இடத்தில் சுற்றுலா, வணிகம், இடைத்தங்கல் என்பவையே உள்ளன. பாட்டனாரின் கபுரை ஜியாரத் செய்யப் போகிறவர் சுற்றுலா என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்.